தோட்டத்து வீட்டுக்குத் துப்பாக்கி உரிமம் வாங்குவது பயன் தருமா?

நொய்யல்கரை எழுதியது:

காங்கேயத்துக்கும் வெள்ளகோவிலுக்கும் நடுவில் எங்கள் தோட்டம். அப்பாவுக்கு எழுபது தாண்டிவிட்டது, அம்மாவுக்கு முழங்கால் வலி. இருவரும் தனியாக இருக்கிறார்கள். நான் சென்னையில் வேலை பார்க்கிறேன், தங்கை ஓசூரில். பக்கத்து வீட்டுக்குப் போக இட்டேரி (தோட்டங்களுக்கு நடுவே போகும் குறுகிய பாதை) வழியாகத் தென்னந்தோப்பைக் கடக்க வேண்டும். இரவில் கத்தினாலும் அங்கே கேட்காது.

2024 நவம்பர் இறுதியில் பல்லடம் பக்கம் சேமலைகவுண்டம்பாளையத்தில் தாய், தந்தை, மகன் என்று ஒரே வீட்டில் மூவரைக் கொன்றார்கள். 2025 மே மாதத் தொடக்கத்தில் சிவகிரி அருகே தோட்டத்து வீட்டில் வயதான கணவன் மனைவியின் உடல்கள் கண்டெடுக்கப்பட்டன. அவர்கள் இறந்து சில நாட்கள் ஆகியும் யாருக்கும் தெரியாமல் இருந்தது. அதைப் படித்த அன்றிலிருந்து அப்பாவுக்குச் சரியான தூக்கம் இல்லை. இதற்கு முன்பே எங்கள் பட்டியிலிருந்து ஆடுகள் போயின, கிணற்று மோட்டாரின் ஒயரை அறுத்துக்கொண்டு போனார்கள். "கலெக்டர் ஆபீஸில் எழுதிப் போட்டு ஒரு துப்பாக்கி வாங்கிவிடுகிறேன்" என்கிறார் அப்பா. "அது வீட்டுக்குள் வந்தால் நான் வெளியே போய்விடுவேன்" என்கிறார் அம்மா. நடுவில் நான்.

அனுபவம் உள்ளவர்கள் சொல்லுங்கள். பொருளையும் வீட்டையும் காக்கத் துப்பாக்கி உண்மையிலேயே உதவுமா?

மஞ்சள்மண்டி எழுதியது:

தம்பி, அப்பா சொல்வதைக் கேளுங்கள். நானும் சிவகிரிப் பக்கத்துக்காரன்தான். அந்த வீட்டைப் பற்றிப் பேசாத டீக்கடை இங்கே இல்லை. இரும்புக் கம்பியோடு வருகிறவன் முன்னால் எழுபது வயதுக்காரர் எதை வைத்துக்கொண்டு நிற்பது? அருவாளைத் தூக்கக்கூடக் கையில் வலு வேண்டும். கிழவனையும் இளைஞனையும் சமமாக்கும் ஒரே பொருள் துப்பாக்கி.

ரோந்து வண்டி வருகிறது என்பார்கள். வருகிறது, மெயின் ரோட்டில் போகிறது. இட்டேரிக்குள் எந்த வண்டி வரும்? "அந்தத் தோட்டத்தில் துப்பாக்கி இருக்கிறது" என்ற பேச்சு ஊரில் பரவினால் போதும், பாதிக் காவல் அதிலேயே முடிந்தது. சுட வேண்டிய தேவையே வராது.

கோபி_வழக்குரைஞர் எழுதியது:

நொய்யல்கரை தம்பிக்கு, சட்டத்தில் எது இருக்கிறது என்பதை மட்டும் முதலில் சொல்கிறேன். ஊரில் இதைப் பற்றிப் பேசுவதில் பாதி தவறு.

2024 ஜூலை 1 முதல் இந்திய தண்டனைச் சட்டத்தின் இடத்தில் பாரதிய நியாய சன்ஹிதா இருக்கிறது. தற்காப்பு உரிமை அதில் 34 முதல் 44 வரையான பிரிவுகளில் வருகிறது. பழைய சட்டத்தின் 96 முதல் 106 வரை இருந்தவைதான், பெரிய மாற்றம் இல்லை. உடலை மட்டுமல்ல, உடைமையையும் காக்கும் உரிமை நமக்கு உண்டு. ஆனால் உடைமையைக் காக்கும்போது எதிராளியின் உயிர் போகலாம் என்ற அளவுக்கு அந்த உரிமை நீள்வது 41ஆம் பிரிவு சொல்லும் நிலைகளில் மட்டும்தான். ஒன்று, கொள்ளை, அதாவது அடித்தோ மிரட்டியோ பறிப்பது. இரண்டு, சூரியன் மறைந்த பின் உதிக்கும் முன் வீட்டை உடைத்து நுழைவது. மூன்று, மனிதர் குடியிருக்கும் அல்லது பொருள் வைத்திருக்கும் கட்டடத்துக்குத் தீ வைப்பது அல்லது வெடி வைப்பது. நான்கு, திருட்டோ சேதமோ வீட்டில் அத்துமீறலோ நடக்கும்போது, தடுக்காவிட்டால் உயிர் போகும் அல்லது கொடுங்காயம் ஏற்படும் என்று நியாயமாகவே அஞ்ச வேண்டிய சூழல்.

இவற்றில் சேராத திருட்டுக்கு 42ஆம் பிரிவு. மரணம் தவிர்த்த தீங்கு வரைதான் அனுமதி. அதிலும் தேவைக்கு மேல் ஒரு துளியும் கூடாது என்று 37ஆம் பிரிவு கட்டுகிறது. காவல்துறையை அழைக்க நேரம் இருந்தால் அந்த உரிமையே கிடையாது என்றும் அதே பிரிவு சொல்கிறது.

உங்கள் தோட்டத்துக்கு இதைப் பொருத்திப் பாருங்கள். நள்ளிரவில் கதவை உடைத்துக் கம்பியோடு உள்ளே வருகிறான் என்றால் சட்டம் அப்பாவின் பக்கம். பட்டியில் ஆட்டைத் தூக்குகிறான், மோட்டார் ரூமுக்கு வெளியே ஒயரை அறுக்கிறான், தேங்காயைச் சாக்கில் கட்டுகிறான் என்றால் சுட்டுக் கொன்றவர் குற்றவாளி. வீட்டுக்குள் வந்தவனே ஆனாலும், வெளியே இறங்கி ஓடத் தொடங்கிய பிறகு முதுகில் சுட்டால் நிலைமை தலைகீழாகிவிடும். வீடு உடைப்புக்கான உரிமை அவன் வீட்டுக்குள் இருக்கும் வரைதான் என்று 43ஆம் பிரிவில் இருக்கிறது.

உங்களுக்கு நடந்தவை இரண்டும் திருட்டு. நீங்கள் அஞ்சுவது கொலை. துப்பாக்கி வேண்டும் என்று பேசும் ஒவ்வொருவரும் இந்த இரண்டையும் ஒன்றாகக் கலந்துவிடுகிறார்கள்.

நொய்யல்கரை எழுதியது:

அக்கா, மிகவும் நன்றி. இவ்வளவு தெளிவாக யாரும் சொன்னதில்லை. ஒரு சந்தேகம். வீட்டை உடைத்து வந்தவனைச் சுட்டால் சட்டம் நம் பக்கம் என்றால், வழக்கே இருக்காதா?

கோபி_வழக்குரைஞர் எழுதியது:

இருக்கும். ஓர் உயிர் போயிருக்கிறது, முதல் தகவல் அறிக்கை பதிவாகும். துப்பாக்கியைக் கைப்பற்றுவார்கள், வழக்கு முடியும் வரை அது திரும்பாது. கைதும் நடக்கலாம். தற்காப்புக்காகச் செய்தேன் என்பதைக் காட்டும் பொறுப்பு சுட்டவருடையது. சந்தேகத்துக்கு இடமின்றி நிரூபிக்க வேண்டியதில்லை, அப்படித்தான் நடந்திருக்கும் என்று நம்பும் அளவுக்குக் காட்டினால் போதும். ஆனால் அதைக் காட்டும் இடம் நீதிமன்றம்.

பஞ்சாப் வழக்கு ஒன்றைச் சொல்கிறேன், சட்டக் கல்லூரியில் எல்லாரும் படிப்பது. 1991இல் குடும்ப நிலத் தகராறில் தன் தந்தையை வெட்ட வந்தவரை மகன் உரிமம் பெற்ற துப்பாக்கியால் சுட்டார். விசாரணை நீதிமன்றம் விடுதலை செய்தது. உயர் நீதிமன்றம் அதை மாற்றித் தண்டனை கொடுத்தது. 2010இல் உச்ச நீதிமன்றம் மீண்டும் விடுவித்தது. ஆபத்தில் இருப்பவர் எதிராளியின் அடியைப் பொன் தராசில் நிறுத்துப் பார்த்துத் திருப்பி அடிக்க முடியாது என்று அந்தத் தீர்ப்பு சொல்கிறது. தற்காத்துக்கொள்கிறவருக்கு இவ்வளவு ஆதரவாகப் பேசும் தீர்ப்பு அரிது. அதைக் கேட்க அவர் ஏறக்குறைய பத்தொன்பது ஆண்டுகள் காத்திருந்தார். உங்கள் அப்பாவின் வயதை நினைத்துப் பாருங்கள்.

மஞ்சள்மண்டி எழுதியது:

வழக்கு நடத்தலாம் அம்மா, உயிரோடு இருந்தால்தானே? செத்தவருக்கு எந்தப் பிரிவு உதவும்? எனக்குச் சிறைகூடப் பரவாயில்லை, என் வீட்டுக்காரி உயிரோடு இருக்க வேண்டும்.

கோபி_வழக்குரைஞர் எழுதியது:

அதை நான் மறுக்கவில்லை ஐயா. அந்த நிலையில் சுடுவது உங்கள் உரிமை. ஆட்டுக்கும் ஒயருக்கும் அந்த உரிமை இல்லை என்பதை வாங்கும் முன்பே தெரிந்துகொள்ளுங்கள் என்கிறேன். ஏனென்றால் பத்து முறை சத்தம் கேட்டால் ஒன்பது முறை அது ஆட்டுத் திருடனாகத்தான் இருப்பான். கையில் துப்பாக்கி இருப்பவருக்கு அந்த ஒன்பது முறையும் பொறுமை வேண்டும்.

சுபேதார்_தாராபுரம் எழுதியது:

ராணுவத்திலிருந்து வந்த பிறகு உரிமம் வாங்கி, 12 போர் (bore, குழலின் அளவு) இரட்டைக் குழல் துப்பாக்கியோடு வங்கிக் காவலில் இருந்தவன் நான். இப்போது அதுவும் இல்லை, தோட்டம்தான். சட்டம் பற்றி அந்த அம்மா சொல்லிவிட்டார். நான் இரவைப் பற்றிச் சொல்கிறேன்.

உரிமம் கேட்பவர் துப்பாக்கியைப் பாதுகாப்பாகப் பூட்டி வைப்பேன் என்று உறுதிமொழி எழுதித் தர வேண்டும். சரிதான், பேரப் பிள்ளைகள் மே மாத விடுமுறைக்கு வருவார்கள். ஆகவே துப்பாக்கி இரும்பு அலமாரியில், தோட்டா வேறு இடத்தில். இப்போது இரவு இரண்டு மணிக்குக் கதவு உடைகிறது. எழுபது வயதுக்காரர் விழிக்க வேண்டும். கண்ணாடியைத் தேட வேண்டும். சாவி, அலமாரி, தோட்டா. இருட்டில் குழலைத் திறந்து தோட்டாவைப் போட்டு மூட வேண்டும். கதவை உடைக்கத் தெரிந்தவன் அதுவரை வாசலில் நிற்க மாட்டான். தூங்கும் நேரம் பார்த்து வருபவனிடம் முதல் அடியே அவனுடையது. எங்களுக்குக் காவல் பணியில் கிடைத்த வசதி என்ன தெரியுமா? பகலில், விழித்த நிலையில், துப்பாக்கி கையில் இருக்கும்போது நின்றோம். வீட்டில் படுத்திருப்பவருக்கு அந்த மூன்றும் இல்லை.

சரி, தலையணைக்குப் பக்கத்திலேயே தோட்டா போட்டு வைக்கிறேன் என்பீர்கள். பலர் அப்படித்தான் செய்கிறார்கள். அப்போது குழந்தைகளின் கதி, கோபம் வந்த மகனின் கதி, இரவில் கழிப்பறைக்குப் போய்த் திரும்பும் மனைவியின் கதி எல்லாம் உங்கள் கையில். தென்னாப்பிரிக்க ஓட்டப்பந்தய வீரர் ஆஸ்கர் பிஸ்டோரியஸ் 2013 பிப்ரவரி 14 அன்று குளியலறைக்குள் யாரோ புகுந்துவிட்டதாக எண்ணிச் சுட்டேன் என்றார். கதவுக்குப் பின்னால் இறந்து கிடந்தது அவருடைய காதலி. கதவுக்குப் பின்னால் இருந்தவர் யாராக இருந்தாலும் அது கொலைதான் என்று மேல்முறையீட்டு நீதிமன்றம் தீர்த்தது. எனக்கு அந்த வழக்கில் முக்கியமானது வேறு. மூடிய கதவுக்குப் பின்னால் இருப்பது யார் என்று பார்க்காமல் சுட்டார் என்பதில் யாருக்கும் கருத்து வேறுபாடு இல்லை. பயிற்சிக் களத்தில் எங்களுக்கு முதலில் சொல்லித் தருவதே அதுதான், இலக்கு எது என்று தெரியாமல் விரல் விசைக்குப் போகக் கூடாது.

இன்னொன்று, ரவை (தோட்டாவில் இருக்கும் சிறு குண்டுகள்) சிதறும், குறி பார்க்கவே தேவையில்லை என்று சொல்லித் திரிகிறார்கள். வீட்டு அறையின் தூரத்தில் அது அதிகம் பரவாது. குறி தவறினால் முழுவதும் தவறும். தவறியது மரக் கதவையோ ஆஸ்பெஸ்டாஸ் கூரையையோ துளைத்துக்கொண்டு போகும்.

தேர்தலை யாரும் யோசிப்பதில்லை. தேதி அறிவித்தவுடன் துப்பாக்கியைக் காவல் நிலையத்தில் ஒப்படைக்கச் சொல்வார்கள். 2024இல் மார்ச் 16 அன்று அறிவிப்பு வந்தது, ஜூன் 4 அன்று வாக்கு எண்ணிக்கை. அத்தனை வாரங்களும் வீட்டில் துப்பாக்கி இல்லை என்பது தாலுகாவுக்கே தெரியும்.

பெயர்_வேண்டாம் எழுதியது:

[இந்தப் பதிவு நீக்கப்பட்டது]

நெறியாளர் எழுதியது:

நாட்டுத் துப்பாக்கி எங்கே கிடைக்கும் என்று கேட்ட பதிவை நீக்கியிருக்கிறோம். உரிமம் இல்லாத துப்பாக்கியை வைத்திருப்பதே சிறைத் தண்டனைக்குரிய குற்றம். அதைப் பற்றிய விசாரிப்பு இங்கே வேண்டாம். மற்றபடி விவாதம் தொடரட்டும்.

கூடலூர்_தேயிலை எழுதியது:

எங்கள் பக்கம் காட்டுப் பன்றி பேச்சு வரும்போதெல்லாம் இதே கேள்வி எழும். கர்நாடகத்தின் குடகில் ஜம்மா என்ற பரம்பரை நிலம் வைத்திருப்பவர்களுக்கு உரிமமே தேவையில்லை, நமக்கு மட்டும் ஏன் இத்தனை கெடுபிடி என்பார்கள். 2025 ஜனவரியில் தமிழ்நாடு அரசு வெளியிட்ட முடிவின்படி காப்புக்காட்டிலிருந்து மூன்று கிலோமீட்டருக்கு அப்பால் வரும் பன்றியைச் சுடலாம், ஆனால் சுடுவது வனத்துறையினர். விவசாயி கையில் துப்பாக்கியைக் கொடுக்கவில்லை. எனக்கு அது சரியாகவே படுகிறது. இரவுக் காவலில் பன்றி என்று எண்ணி ஆளைச் சுட்ட செய்திகளை மலைப் பகுதியில் இருப்பவர்கள் அடிக்கடி கேட்டிருப்பார்கள்.

ஹூஸ்டன்வாசி எழுதியது:

சொந்த ஊர் கோபி. டெக்சாஸில் நீண்ட காலமாக இருக்கிறேன். சட்டம் முழுக்கத் துப்பாக்கிக்காரர் பக்கம் இருக்கும் ஊரில் என்ன நடக்கிறது என்று சொல்கிறேன்.

டெக்சாஸ் தண்டனைச் சட்டம் 9.42ஆம் பிரிவின்படி இரவில் நடக்கும் சாதாரணத் திருட்டைத் தடுக்கவும், திருடிய பொருளோடு ஓடுபவனை நிறுத்தவும்கூட உயிர் போகும் அளவு பலத்தைப் பயன்படுத்தலாம். அது உடனடித் தேவை என்றும், வேறு வழியில் அந்தப் பொருளைக் காக்கவோ மீட்கவோ முடியாது என்றும் சுடுபவர் நியாயமாக நம்பியிருக்க வேண்டும். கோபி அக்கா சொன்ன ஆட்டுத் திருடனை இங்கே சுட வழி இருக்கிறது.

2007 நவம்பரில் ஹூஸ்டனுக்குப் பக்கத்தில் பாசடீனா என்ற ஊரில், வயதான ஒருவர் அடுத்த வீட்டில் இருவர் திருடுவதைப் பார்த்து அவசர எண்ணுக்கு அழைத்தார். வெளியே போகாதீர்கள், பொருளுக்காக ஒருவரைச் சுடுவது தகாது என்று மறுமுனையில் இருந்தவர் திரும்பத் திரும்பச் சொன்னார். அவர் கேட்கவில்லை. போய்ச் சுட்டார், இருவரும் இறந்தார்கள். அடுத்த ஆண்டு நடுவர் குழு வழக்குத் தொடர மறுத்துவிட்டது. அழைப்பின் ஒலிப்பதிவு ஊடகங்களில் வந்தது, நானும் கேட்டேன். திருடு போனது அவர் வீடுகூட இல்லை. பறிபோனது இரண்டு உயிர்கள். சட்டம் அவரை விட்டுவிட்டது, என்னால் அதைக் கேட்டுவிட்டுச் சாதாரணமாக இருக்க முடியவில்லை.

இங்கே என் தெருவில் பல வீடுகளில் துப்பாக்கி இருக்கிறது. அதனால் திருடர்கள் வராமல் இல்லை. வீட்டில் ஆள் இல்லாத பகல் நேரத்தில் வருகிறார்கள், துப்பாக்கியையும் சேர்த்து எடுத்துக்கொண்டு போகிறார்கள்.

மஞ்சள்மண்டி எழுதியது:

அமெரிக்கக் கதையை வைத்து எங்களை அளக்காதீர்கள். அங்கே திருடன் கையிலும் துப்பாக்கி இருக்கிறது, இங்கே கம்பி. அதனால் இங்கே ஒரு துப்பாக்கிக்கு இருக்கும் மதிப்பே வேறு. தவிர, உங்கள் ஊரில் போலீஸ் கூப்பிட்டவுடன் வருகிறது. எங்கள் ஊரில் மின்சாரம் போனால்கூட லைன்மேன் வர விடிந்துவிடுகிறது.

அதோடு இன்னொன்றும் சொல்ல வேண்டும். துப்பாக்கி ஆபத்து என்று எங்களுக்குச் சொல்கிறவர்கள் பெரும்பாலும் காவலாளி நிற்கும் அடுக்குமாடியில் குடியிருப்பவர்கள். தோட்டத்தில் ஒரு வாரம் தனியாகப் படுத்துப் பார்த்துவிட்டு வந்து பேசட்டும்.

ஈரோடு_செவிலியர் எழுதியது:

தோட்டத்து வீட்டிலேயே பிறந்து வளர்ந்தவள் நான், ஆகவே பேசலாம் என்று நினைக்கிறேன் அண்ணா. மருத்துவமனையில் பார்க்கும் பக்கத்தைச் சொல்கிறேன்.

1993இல் அமெரிக்காவின் நியூ இங்கிலாந்து மருத்துவ இதழில் ஓர் ஆய்வு வந்தது. துப்பாக்கி வைத்திருந்த வீடுகளில் கொலை நேரும் வாய்ப்பு சுமார் 2.7 மடங்கு என்று கண்டார்கள். அந்தக் கூடுதல் ஆபத்து ஏறக்குறைய முழுவதும் குடும்பத்தாரிடமிருந்தும் நெருங்கியவர்களிடமிருந்தும் வந்தது, வெளியாளிடமிருந்து அல்ல. ஆபத்தில் இருப்பவர்தான் துப்பாக்கி வாங்குகிறார், அதனால் எண் கூடுதலாகத் தெரிகிறது என்று அந்த ஆய்வைக் குறை சொன்னவர்களும் உண்டு. அதுவும் சிந்திக்க வேண்டிய வாதமே. அதே குழு முந்தைய ஆண்டு தற்கொலையைப் பற்றிச் செய்த ஆய்வுதான் என்னை அதிகம் பாதித்தது. அங்கே 4.8 மடங்கு.

கடன், மழை பொய்த்தல், மகளின் கல்யாணம், பங்காளிச் சண்டை, இவை இல்லாத தோட்டம் உண்டா? கையெட்டும் தூரத்தில் என்ன இருக்கிறது என்பதில்தான் பல உயிர்கள் போகின்றன, பிழைக்கின்றன. இலங்கையில் கொடிய பூச்சிக்கொல்லிகளை ஒவ்வொன்றாகத் தடை செய்த பிறகு, 1995இல் உச்சத்தில் இருந்த தற்கொலை விகிதம் சுமார் 70 சதவீதம் குறைந்தது. மனக்கஷ்டம் அங்கே குறைந்துவிடவில்லை, கையில் இருந்த கொடிய வழி குறைந்தது. மருந்து குடித்தவரைச் சில நேரம் நாங்கள் காப்பாற்றிவிடுகிறோம். துப்பாக்கி அந்த வாய்ப்பையும் தருவதில்லை.

அப்பா தூக்கமின்றி இருக்கிறார் என்று எழுதியிருக்கிறீர்கள் தம்பி. திருடனுக்கு முன்னால் அதைக் கவனியுங்கள். ஒரு முறை மருத்துவரிடம் அழைத்துப் போங்கள்.

பனங்காடு எழுதியது:

ஊதியூருக்குப் பக்கத்தில் தனியாகத் தோட்டத்தில் இருக்கும் பெண் நான். வீட்டுக்காரர் காலமாகிவிட்டார், பையன் வெளிநாட்டில். சுபேதார் ஐயா எழுதியதைப் படித்ததும் மனதில் இருந்ததைச் சொல்லத் தோன்றியது.

சிவகிரியில் என்னை உலுக்கியது கொலை மட்டுமல்ல. சில நாட்கள் கழித்துத்தானே தெரிந்தது. பால் கறந்தார்களா என்று கேட்கவும் ஆள் இல்லை, ஏன் விளக்கு எரியவில்லை என்று எட்டிப் பார்க்கவும் ஆள் இல்லை. அந்த வீட்டில் துப்பாக்கி இருந்திருந்தாலும் அந்தத் தனிமை அப்படியேதான் இருந்திருக்கும். கொல்ல வந்தவனுக்கு வேண்டியதும் அந்தத் தனிமைதான்.

எங்கள் பக்கம் பெண்கள் சேர்ந்து ஓர் ஏற்பாடு செய்தோம். இரவு சாப்பாட்டுக்குப் பிறகும் விடிந்தவுடனும் ஒருவருக்கொருவர் போன். பேச ஒன்றும் இல்லை என்றாலும் பேசுவோம். விடிகாலையில் போன் எடுக்காவிட்டால் அடுத்தவர் மகனோ மருமகனோ வண்டியை எடுத்துக்கொண்டு வந்துவிடுவார். வாசல் கதவுக்கு வெளியே இரும்பு கிரில் போட்டேன். படுக்கை அறைக்கும் உள்தாழ்ப்பாளோடு கனமான கதவு. தலைமாட்டில் இருந்தே களத்து விளக்கையும் சைரனையும் போடுவதற்கு ஒரு சுவிட்ச், இன்வெர்ட்டரில் இணைத்தது, மின்சாரத்தை அறுத்தாலும் வேலை செய்யும். கதவை உடைத்தால் உள்ளறைக்குள் போய்த் தாழிட்டுக்கொள்வேன், சத்தம் போடுவேன், போன் போடுவேன். எதிர்த்து நிற்கப் போவதில்லை.

நகை முழுவதும் வங்கி லாக்கரில் இருக்கிறது. அதைக் கேட்கிற எல்லாரிடமும் சொல்லியும் வைத்திருக்கிறேன். கழுத்தில் கயிறுதான். என் அத்தை முதலில் திட்டினார், சுமங்கலி இல்லாவிட்டாலும் மூளியாகத் திரியலாமா என்று. இப்போது அவரும் லாக்கரில் வைத்துவிட்டார். வருகிறவன் நகைக்காகத்தானே வருகிறான்? அது இல்லாத வீட்டுக்கு எதற்காகக் கொலை செய்ய வருவான்?

நாய் இரண்டு. ஒன்றைக் கட்டுவதில்லை. வெளியார் போட்டதைத் தின்னாமல் பழக்க முடிகிற நாயை வாங்குங்கள், விஷம் வைப்பதுதான் அவர்களின் முதல் வேலை.

மஞ்சள்மண்டி எழுதியது:

அம்மா, நீங்கள் சொன்ன கிரில், சைரன், லாக்கர் எல்லாமே செய்ய வேண்டியவை. மறுக்கவில்லை. இவையும் இருக்கட்டும், துப்பாக்கியும் இருக்கட்டும் என்கிறேன். உள்ளறைக் கதவையும் உடைத்தால் அடுத்தது என்ன? அந்த ஒரு கேள்விக்கு மட்டும் யாரும் பதில் சொல்லவில்லை.

சுபேதார்_தாராபுரம் எழுதியது:

மஞ்சள்மண்டி ஐயா, நேரடியாகவே பதில் சொல்கிறேன். உள்ளறையில் தாழிட்டுக்கொண்டு, கண் தெரிகிற, கை நடுங்காத, பயிற்சி உள்ள ஒருவர் துப்பாக்கியை வாசலுக்கு நேராகப் பிடித்து அமர்ந்திருந்தால், அந்த ஒரு நிலையில் அது காக்கும். அதைவிடச் சிறந்த கருவி வேறு இல்லை என்றும் சொல்வேன். எங்கும் உதவாது என்று நான் எழுதவில்லை. ஆனால் அந்த நிலைக்கு வர முதலில் அந்த அம்மா போட்ட கிரில்லும் உள்கதவும் வேண்டும். அவை கொடுக்கும் நேரம் இல்லாமல் துப்பாக்கி அலமாரியை விட்டே வெளியே வராது. இவை இருந்து துப்பாக்கி இல்லாவிட்டாலும் பெரும்பாலும் பிழைத்துக்கொள்ளலாம். துப்பாக்கி இருந்து இவை இல்லாவிட்டால் அது திருடனுக்குக் கிடைத்த கூடுதல் பொருள்.

வாங்கித்தான் தீர வேண்டும் என்றால், ஆண்டுக்கு ஒரு முறையாவது சுட்டுப் பழக இடம் இருக்கிறதா என்று பாருங்கள். பெரும்பாலானவர்கள் வாங்கிய நாளில் பார்த்ததோடு சரி, எண்ணெய்கூடப் போடுவதில்லை.

கோபி_வழக்குரைஞர் எழுதியது:

நடைமுறையைக் கேட்டுத் தனிச்செய்தியில் பலர் எழுதுகிறீர்கள், இங்கேயே சொல்லிவிடுகிறேன். ஆயுதச் சட்டம் 1959, ஆயுத விதிகள் 2016. மாவட்ட ஆட்சியரிடம் விண்ணப்பிக்க வேண்டும், மாநகரக் காவல் எல்லைக்குள் காவல் ஆணையரிடம். உயிரையோ உடைமையையோ காக்க உண்மையான தேவை இருப்பதை விதிகள் ஒரு காரணமாக ஏற்கின்றன. ஆனால் நம் நாட்டில் துப்பாக்கி வைத்திருப்பது அடிப்படை உரிமை அல்ல, காவல்துறை அறிக்கை பார்த்து மறுக்கலாம். பாதுகாப்பாகக் கையாளும் பயிற்சிச் சான்று, மருத்துவச் சான்று கேட்பார்கள். 2019 திருத்தத்துக்குப் பிறகு உரிமம் ஐந்து ஆண்டுகளுக்கு, ஒருவருக்கு அதிகபட்சம் இரண்டு துப்பாக்கிகள். தேர்தல் ஒப்படைப்பிலிருந்து விலக்குக் கோர மாவட்ட ஆய்வுக் குழுவிடம் மனு கொடுக்கலாம், எல்லாருக்கும் கிடைக்காது.

உள்துறை அமைச்சகக் கணக்கில் 2016 இறுதியில் உத்தரப் பிரதேசத்தில் 12 லட்சத்துக்கும் மேற்பட்ட உரிமங்கள், தமிழ்நாட்டில் சுமார் 22 ஆயிரம். கல்யாண வீட்டில் வானத்தை நோக்கிச் சுட்டு உயிர்கள் போவது வடக்கே அவ்வளவு பெருகியதால்தான் 2019 திருத்தத்தில் அதைத் தனிக் குற்றமாக்கினார்கள். நம் பக்கம் அந்த வழக்கம் வரவில்லை என்பதில் எனக்கு மகிழ்ச்சி.

தனித் தோட்டம், வயதானவர், திரும்பத் திரும்பத் திருட்டு, காவல்துறை மேல் நம்பிக்கையின்மை என்ற இதே கதை இங்கிலாந்தில் நடந்திருக்கிறது. நார்ஃபோக்கில் டோனி மார்ட்டின் என்ற விவசாயி 1999 ஆகஸ்டில் இரவில் வீட்டுக்குள் புகுந்த இருவரைச் சுட்டார். ஒருவன் காயப்பட்டான். முதுகில் குண்டு பாய்ந்து இறந்தவனுக்கு வயது பதினாறு. கொலைக் குற்றம் என்று தீர்ப்பு வந்தது, மேல்முறையீட்டில் குறைந்தது, 2003இல் வெளியே வந்தார். நாடே இரண்டாகப் பிரிந்து அவருக்காகவும் எதிராகவும் பேசியது. வீட்டுக்காரர்களுக்கு அங்கே பின்னால் சட்டம் சற்று இளகியது. அந்தப் பதினாறு வயதுப் பையன் மட்டும் எனக்கு மறக்கவில்லை. நம் ஊரில் ஒயர் திருட வருகிறவர்களிலும் மீசை முளைக்காதவர்கள் இருக்கிறார்கள், நான் நீதிமன்றத்தில் பார்க்கிறேன்.

நொய்யல்கரை எழுதியது:

எல்லாவற்றையும் அப்பாவுக்குப் படித்துக் காட்டினேன். சுபேதார் ஐயா எழுதியதை இரண்டாவது முறை படிக்கச் சொன்னார். பிறகு அவராகவே எழுந்து போய்ப் படுக்கை அறைக் கதவைத் தட்டிப் பார்த்தார். ஒட்டுப் பலகை, ஓர் உதைக்குத் தாங்காது. அடுத்த வாரம் ஆசாரி வருகிறார். கிரில்லுக்கு வெள்ளகோவிலில் சொல்லியாயிற்று. அம்மாவின் நகையை லாக்கரில் வைக்கத் தங்கை வருகிறாள். சைரன் சுவிட்ச் வேலையை நான் பார்த்துக்கொள்கிறேன், பனங்காடு அம்மா, எந்த வகை வாங்கினீர்கள் என்று தனிச்செய்தியில் சொல்ல முடியுமா?

துப்பாக்கி விண்ணப்பத்தை அப்பா கைவிடவில்லை. "கதவு முடியட்டும், பிறகு பார்க்கலாம்" என்கிறார். அம்மா பேசவில்லை. என் கருத்தைக் கேட்டால், வேண்டாம் என்பதுதான். ஆட்டுக்காகவோ ஒயருக்காகவோ அவர் கையால் ஓர் உயிர் போவதை அவரால் தாங்க முடியாது, அவரை எனக்குத் தெரியும். செவிலியர் அக்கா சொன்னபடி மருத்துவரிடம் நாள் வாங்கியிருக்கிறேன்.

மஞ்சள்மண்டி எழுதியது:

நான் விண்ணப்பம் போடுகிறேன், அதில் மாற்றம் இல்லை. ஆனால் அந்த அம்மா சொன்ன போன் ஏற்பாட்டை எங்கள் இட்டேரியிலும் தொடங்குகிறோம், இதுவரை ஒன்பது வீடுகள் சம்மதித்திருக்கின்றன. ரோந்து வண்டி இட்டேரிக்குள் வர வேண்டும் என்று காவல் கண்காணிப்பாளருக்கு எல்லாரும் சேர்ந்து மனு கொடுக்கப் போகிறோம். வழக்குரைஞர் அம்மா, அதை எழுதித் தர முடியுமா? கட்டணம் சொல்லுங்கள்.

கோபி_வழக்குரைஞர் எழுதியது:

கட்டணம் வேண்டாம் ஐயா. வீடுகளின் எண்ணிக்கை, இட்டேரியின் நீளம், ஒவ்வொரு வீட்டிலும் தனியாக இருக்கும் முதியவர்கள் எத்தனை பேர், கடந்த ஆண்டுகளில் கொடுத்த புகார்களின் ரசீது எண்கள், இவற்றை எழுதி அனுப்புங்கள். புகார் கொடுக்காமல் விட்ட ஆட்டுத் திருட்டுகளையும் தேதியோடு சேர்த்துவிடுங்கள். ஞாயிற்றுக்கிழமைக்குள் தயார் செய்கிறேன்.